ஏலியாம்மாவின் அப்பம்

தேவாலயத்திலிருந்து சோசாம்மா திரும்பியபோது அவளுடைய அடுக்களையில் ஏலியாம்மா நின்றிருந்தாள். அவள் கை, சோசாம்மாவின் அப்பத்தட்டை மூடியிருந்த வெள்ளைத் துணியின்மேல் இருந்தது.

"சேட்டத்தி, அது என் தட்டு."

"தெரியும் மோளே. எறும்பு ஏறுதான்னு பார்த்தேன்."

எறும்பாம். கண் வைக்க வந்தவள் எறும்பின்மேல் பழியைப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் சோசாம்மா. முழங்கால் வலி என்று சொல்லித் தேவாலயத்துக்கு வராமல் நின்றுகொண்டது இதற்குத்தானா?

ஏலியாம்மா அவள் கணவனுடைய அண்ணனின் மனைவி; அந்த உறவில்தான் சேட்டத்தி. விதவை. அதே வளவில், பழைய வீட்டில், தனியாக இருக்கிறாள்.

பெசகா வியாழனன்று, கர்த்தர் கடைசி விருந்துண்ட நாளின் நினைவாக, அந்த ஊரில் வீட்டுக்கு வீடு புளிக்காத மாவில் அப்பம் அவிப்பார்கள். மேலே ஓலைச் சிலுவை. ஜெபம் முடிந்ததும் வீட்டுத் தலைவர் அறுத்து எல்லோருக்கும் கொடுப்பார். அவித்தவர்கள் நூறு பேர் இருந்தாலும் பேச்சு மட்டும் ஏலியாம்மாவின் அப்பத்தைப் பற்றியே இருக்கும். சாவு நடந்த வீட்டில் அந்த ஆண்டு அப்பம் அவிக்கக்கூடாது; அக்கம்பக்கத்தார் கொடுக்கவேண்டும். அப்படிப்பட்ட வீட்டார், யார் கொடுத்தாலும் வாங்கி வைத்துவிட்டு, ஏலியாம்மாவின் அப்பம் வரும்வரை வாயில் போடாமல் காத்திருப்பார்கள்.

ஊர் பேசுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். கணவன் பேசுவதைத்தான் சோசாம்மாவால் பொறுக்க முடியவில்லை. தாயில்லாப் பிள்ளையான குரியாச்சனை வளர்த்தது அந்தச் சேட்டத்திதான். கல்யாணமான முதல் பெசகாவில், புது மனைவி அவித்த அப்பத்தைத் தின்றுவிட்டு அவன், "நல்லாத்தான் இருக்கு. ஆனா சேட்டத்தி கை வேற" என்றான்.

அந்த 'ஆனா' அவளுக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

இந்த ஆண்டு பொறாமையோடு பயமும் சேர்ந்துகொண்டது. ஈஸ்டர் கழிந்த திங்களன்று குரியாச்சனுக்குக் கோட்டயத்தில் இதய அறுவை. பெசகா அப்பம் வெடித்தால் வருஷம் திரும்புமுன் அந்த வீட்டில் ஒரு சாவு விழும் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. அதெல்லாம் மூடத்தனம் என்று தேவாலயத்து அச்சன் பிரசங்கத்தில் விளக்கினார். பெண்கள் பக்தியோடு தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்து, வெடிக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டே மாவைக் கரைத்தார்கள்.

சோசாம்மாவுக்குத் தன் அப்பத்தைப் பார்க்கவே துணிவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே தட்டை இறக்கி, துணியைப் போர்த்திவிட்டு, தேவாலயத்தில் நடந்த கால் கழுவும் சடங்குக்குப் போயிருந்தாள்.

இப்போது துணியை விலக்கினாள். மயிரிழை அளவுகூட விரிசல் இல்லை. ஓலைச் சிலுவை வைத்தது வைத்தபடி இருந்தது.

வாசலோரம் இன்னொரு தட்டு இருந்தது. மாமியார் விட்டுப்போன ஜோடித் தட்டுகளில் மற்றது. ஜெபம் இரு வீட்டுக்கும் சேர்த்து இங்கேதான் என்பதால் ஏலியாம்மா தன் அப்பத்தையும் கொண்டுவந்திருந்தாள். சோசாம்மா கேளாமலே அதையும் திறந்தாள்.

விளிம்பிலிருந்து விளிம்புவரை வெடித்திருந்தது. சிலுவை பிளவுக்குள் சாய்ந்து கிடந்தது.

அப்போது அவள் மனத்தில் எழுந்தது இரக்கம் அன்று.

"இத்தனை வருஷக் கை இப்படி ஏமாத்திடுச்சே, சேட்டத்தி."

"கைக்கும் வயசாகும்ல, மோளே."

"பயமா இல்லையா?"

"எதுக்கு? அந்த வீட்டுல போறதுக்கு நான் ஒருத்திதானே இருக்கேன்." ஏலியாம்மா சிரித்தாள். "கல்லறையிலிருந்து எந்திரிச்சு வந்தவரு, எனக்கும் ஒரு வழி வச்சிருப்பாரு."

ஜெபத்துக்கு முன்பே சோசாம்மா இரண்டு தட்டுகளையும் திறந்து நடுக்கூடத்தில் வைத்தாள். ஊர் பார்க்கட்டும் என்றுதான். சாவு விழுந்த பக்கத்து வீட்டிலிருந்து அப்பம் வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள், சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஏலியாம்மாவின் தட்டுக்கு நீண்ட கை பாதியில் நின்று, சோசாம்மாவின் பக்கம் திரும்பியது. ஜெபம் முடிந்ததும் இதிலேயே எங்களுக்கும் ஒரு பங்கு போதும் என்றார்கள்.

கர்த்தர் அப்பத்தைப் பிட்டுத் தம்மையே பிறருக்காகக் கொடுத்த பகுதியைக் குரியாச்சன் வாசித்தான். சோசாம்மாவின் காதில் அது விழவில்லை. அவள் கண் அந்தப் பிளவிலேயே இருந்தது.

குரியாச்சன் சோசாம்மாவின் தட்டிலிருந்த அப்பத்தை அறுத்தான். முதல் துண்டை மென்றவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"சோசாம்மே, இந்தத் தடவை பூண்டு போடலையா? இதுதான் சேட்டத்தி ருசி. எப்படியோ பிடிச்சிட்டியே!"

சோசாம்மா ஒரு துண்டை வாயிலிட்டாள். மத்தியானம் தன் கையால் உரித்து அரைத்த பூண்டு அதில் இல்லை. சங்கனாச்சேரியில் தன் தாய் வீட்டு வழக்கத்தை விடாமல், பெசகா மாவில் பூண்டு சேர்ப்பவள் அந்த வளவில் அவள் ஒருத்திதான்.

கூடத்தின் மூலையில் ஏலியாம்மா, வெடித்த அப்பத்தைத் தனியாகப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அருகே போனபோது பூண்டு மணத்தது.

சோசாம்மா அவள்முன் மண்டியிட்டுக் கையை நீட்டினாள்.

"எனக்கும் அதுல ஒரு துண்டு குடுங்க, சேட்டத்தி."

ஏலியாம்மா தட்டை மடியோடு சேர்த்து இழுத்துக்கொண்டாள்.

"கிடையாது. இது என் வீட்டு அப்பம்."