பார்க்க வந்த மூவர்

வந்திருப்பது மேலிடத்து ஆட்கள்தான் என்று ஆன்லினுக்குப் பார்த்தவுடனேயே பட்டுவிட்டது. சும்மா சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றணுமா என்று வாசலில் தயங்குவார்கள். ஒரு பெரியவர், ஒரு அம்மாள், ஓர் இளைஞன் என இவர்கள் மூவரும் நேரே உள்ளே வந்து, பொறுப்பில் இருப்பது நீங்கள்தானா என்று கேட்டார்கள்.

காரைக்காலின் அந்தச் சிறிய தொல்பொருள் காட்சிக்கூடத்தை இங்கேயே வைத்திருப்பதா, சாமான்களைப் புதுச்சேரிக்கு அள்ளிக்கொண்டு போவதா என்று முடிவு செய்ய, சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வருவார்கள் எனக் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. கூடம் போனால் ஆன்லினின் தற்காலிக வேலையும் போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வாள், நாலு வருஷமாக ஓடு ஓடாகச் சேர்த்து ஒட்டி நிமிர்த்திய தாழி போய்விடுமே என்பதுதான் அவள் கவலை.

நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போ, யாராவது வந்தாலும் வருவார்கள் என்று அப்பா ஆரோக்கியஜோசப் காலையில் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. அவள் வேலையைப் பற்றி ஒருநாளும் நல்லதாக ஒரு வார்த்தை பேசாத மனுஷர் அவர்.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சங்கு வளையல் துண்டுகளிலிருந்து ஆரம்பித்தாள். பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். கூட வந்த இளைஞன் எழுத்தராக இருக்க வேண்டும். கேள்வியெல்லாம் அந்த அம்மாள்தான் கேட்டார். ஒற்றை ஆளாகவா பார்த்துக்கொள்கிறீர்கள், வெளியூர் போக வேண்டி வருமா, தோண்டுகிற இடத்துக்கும் போவீர்களா?

பூவத்துப் பக்கம் மணல்மேட்டைத் தோண்டியபோது நாற்பது நாள் கூடாரத்திலேயே தங்கியிருந்ததை ஆன்லின் பெருமையாகச் சொன்னாள். அந்த அம்மாள் திரும்பிப் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் மெல்லத் தலையசைத்தார். ஒரு மார்க் ஏறியது என்று நினைத்துக்கொண்டாள் ஆன்லின்.

வளையல் பெட்டியருகே அந்த அம்மாள் நின்றார். "இந்தக் கண்ணாடி போட்டு எவ்வளவு நாளாச்சும்மா?"

"ரெண்டு வருஷமாச்சுங்க. முன்னாடி தொறந்துதான் கெடந்துச்சு. வர்றவங்க கைய வச்சிடுறாங்கன்னு போட்டோம்."

அந்த அம்மாள் அவள் முகத்தையே ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி என்று நகர்ந்தார்.

தாழியின் முன்னால்தான் இளைஞன் முதன்முதலாக வாய் திறந்தான். அந்தக் காலத்தில் தண்ணீர் பிடித்துவைத்த பானைதானே இது என்றான். இல்லை, இறந்தவர்களை வைத்துப் புதைத்தது என்று திருத்தினாள் ஆன்லின். திருத்தியதோடு விட்டாளா? உள்ளே எப்படி வைப்பார்கள், கூட என்னென்ன வைப்பார்கள், எலும்பை எப்படி எடுத்துக் கழுவினாள் என்று கால் மணி நேரம் சொன்னாள். அவன் காது சிவந்ததை அவள் கவனிக்கவில்லை. நாலு வருஷத்தில் ஒருத்தர்கூட இவ்வளவு பொறுமையாக நின்று கேட்டதில்லை. தாழி எங்கேயும் போகாது என்ற நம்பிக்கை வந்துவிட்டது அவளுக்கு.

போய்வருகிறோம் என்று கிளம்பியவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமலே போய்விட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

வெளியே பூவரச மரத்தடியில் அவர்களுடைய கார். காரருகே, கைகட்டிக்கொண்டு அவள் அப்பா.

எனக்காகச் சிபாரிசு பேசவா வந்திருக்கிறார்? ஆன்லின் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். இந்த மனுஷரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று தூணோரமாக நின்றுவிட்டாள்.

அந்த அம்மாள் கார்க் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்: "பொண்ணப் பாக்கத்தான் வந்தோம். பாடம் கேட்டுட்டுப் போறோம்."

மகள் பின்னால் நிற்பது தெரியாமல், ஆரோக்கியஜோசப் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"நாளைக்கே வேலைய விட்டு நிப்பாட்டிடுறேங்க."