யார் கூப்பிட்டாலும்

“காரிய வீட்டுக்குக் கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போக வேணாம். செங்கல்பட்டு போயிட்டு வர்ற வரைக்கும் ரோஹித்தை வைஷாலி பார்த்துக்கட்டும்” என்றான் பாலா.

“அவளே எட்டாவது படிக்கிற பொண்ணு. யாராவது ஏமாத்திக் கதவைத் திறக்க வெச்சுட்டா?” ரேணுகாவுக்கு மனம் ஒப்பவில்லை.

“டெஸ்ட் வெச்சுப் பார்த்துடலாம்.”

எதிர்வீட்டு வைஷாலியிடம் குழந்தையைக் கொடுத்தாள் ரேணுகா. “யார் கூப்பிட்டாலும், என்ன சொன்னாலும் திறக்கக் கூடாது. சரியா?”

“சரி ஆன்ட்டி.”

கணவனும் மனைவியும் வெளியே வந்தார்கள். பாலா, தெருவில் வரும் மீன்காரர் குரலில் கதவை இடித்தான்.

“பாப்பா! காஸ் லீக் ஆவுது! குயந்தைய தூக்கினு வெளிய வா!”

கதவு திறக்கவில்லை.

“வூட்டுக்குள்ள பாம்பு பூந்துகினு கீது! தொற!”

அப்போதும் திறக்கவில்லை. ரேணுகாவே கூப்பிட்ட பிறகுதான் வைஷாலி சிரித்துக்கொண்டே திறந்தாள்.

“அங்கிள், உங்க மிமிக்ரிதான்னு கண்டுபிடிச்சிட்டேன்.”

“பாஸ்! ஆனா நாளைக்கும் பாதி வழியில திரும்பி வந்து தட்டுவேன். ஏமாந்துடாதே.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கிறிஸ்துமஸுக்குக் கட்டிய நட்சத்திரம் பக்கத்து வாசலில் கடற்காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இருவரும் நிம்மதியாகப் பஸ் ஏறினார்கள்.

வைஷாலி ரோஹித்துக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது கதவு அதிர்ந்தது. அதே மீன்காரர் குரல்.

“பாப்பா! தொற பாப்பா! குயந்தைய தூக்கினு ஓடியா! கடலு ஊருக்குள்ள வந்துகினு கீது!”

வைஷாலி எழுந்து மேல் தாழ்ப்பாளையும் போட்டாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“போங்க அங்கிள்! கடல் எங்கயாவது ஊருக்குள்ள வருமா? வேற ஏதாவது சொல்லுங்க!”