பிள்ளையை எங்கே சேர்ப்பது?

"பிள்ளைய ஹாஸ்டல்ல போடுறதா இருந்தா, இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சுதுங்க."

சுசித்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராஜமுருகன் கையிலிருந்த பேரிக்காயை உருட்டிக்கொண்டிருந்தான்.

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு வெளியே, பள்ளத்தைப் பார்த்த கம்பி வேலி ஓரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்கள் எல்லாரும் கோயிலுக்குள் இருந்தார்கள். வெயிலடித்தால் அங்கிருந்து கீழே பழனி மலை தெரியும். இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. உலகம் அந்தக் கம்பியோடு முடிந்துவிட்டது போல, மேகம் மட்டும் மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது.

"ஹாஸ்டல்னா ஜெயிலாங்க? பெரிய ஸ்கூலு. குதிரை ஓட்டக்கூடச் சொல்லித் தர்றாங்க."

"பூண்டு பிடுங்கச் சொல்லித் தருவாங்களா?"

"அதுக்குத்தான் நான் இருக்கேன்ல?"

"நீங்க உங்க ஊரு பூண்டியில இருப்பீங்க. பிள்ளை ஹாஸ்டல்ல கெடக்கும். போன்லயா பூண்டு பிடுங்குவீங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவன்ங்க. மலைய விட்டு எறங்கி காலேஜுக்குப் போன மொத நாளு, ஒரு சார் எந்திரிக்கச் சொல்லி, 'உன்னப் பத்தி இங்கிலீஷ்ல சொல்லு'ன்னாரு. எந்திரிச்சேன். என் பேரு கூட வாயில வரல. கிளாஸே சிரிச்சுது. அன்னைக்குக் கடைசி பெஞ்சுக்குப் போனவன், படிப்பு முடியிற வரைக்கும் அங்கதான். என் பிள்ளை அப்படி நிக்கக் கூடாது. படிப்புன்னா நாலு பேரு முன்னாடி வாயத் தொறக்கணும். வேற எதுக்குங்க அது?"

சுசித்ரா மேகத்தின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வாயத் தொறக்க வந்துச்சு. எங்கப்பாவுக்குப் பழனி மலை அடிவாரத்துல பஞ்சாமிர்தக் கடை. தைப்பூசம், பங்குனி உத்திரம்னு கூட்டம் வந்தா பிள்ளையப் பாக்க முடியாதுன்னு, ஒண்ணாப்புலயே இங்க கொடைக்கானல் ஹாஸ்டல்ல கொண்டாந்து விட்டுட்டாங்க. சில ஞாயித்துக்கெழம எங்கள வரிசையா இந்த எடத்துக்குக் கூட்டிட்டு வருவாங்க. இருட்டுனதும் கீழ பழனிக் கோயில் விளக்கு தெரியும். அதுக்குக் கீழதான் எங்கம்மா டப்பா அடுக்கிக்கிட்டு இருப்பாங்கன்னு பாத்துக்கிட்டே நிப்பேன்." அவள் குரல் இறங்கியது. "ரொம்ப நாளைக்கு அம்மான்னா எனக்கு ஒரு வெளிச்சந்தாங்க."

ராஜமுருகன் பேரிக்காயை உருட்டுவதை நிறுத்தினான்.

அப்போதுதான் மேகத்துக்குள்ளிருந்து ஓர் அழுகைச் சத்தம் வந்தது. பின்னாலேயே மெரூன் ஸ்வெட்டரும் டையுமாக ஒரு சிறுமி வந்தாள். ஒரு ஷூவின் லேஸ் அவிழ்ந்து தரையில் இழுபட்டது.

"ஐ லாஸ்ட் மை லைன்!" என்று தேம்பினாள்.

ராஜமுருகன் வாயைத் திறந்தான். இங்கிலீஷ் வரவில்லை. ஈரத் தரையில் மண்டி போட்டு, பேரிக்காயை நீட்டினான். சிறுமி ஒரு கையால் அதை வாங்கிக்கொண்டு, மறு கையால் அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு கடி கடித்ததும் தேம்பல் பாதியாகக் குறைந்தது.

"பேரு என்ன பாப்பா?"

"தாரணி."

"அம்மா எங்க?"

"மம்மி துபாய். டிசம்பர்ல வருவாங்க."

"அது வரைக்கும்?"

"மிஸ் இருக்காங்க," என்றாள் அவள், மென்றுகொண்டே.

எங்கோ விசில் ஊதியது. மிஸ் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "தேங்க் யூ அங்கிள்!" மெரூன் ஸ்வெட்டர் மேகத்துக்குள் ரோஸ் நிறமாகி, பிறகு வெள்ளையாகி, இல்லாமல் போயிற்று.

ராஜமுருகன் எழுந்திருக்காமல் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். புதுச் சட்டையில் அந்தச் சின்னக் கை பிடித்த இடம் கசங்கி ஈரமாக இருந்தது.

"நல்லாத்தான் இங்கிலீஷ் பேசுது," என்றான்.

"ம்."

"ஆனா சட்டைய விடவே மாட்டேன்னுருச்சுங்க."

அவன் அந்தக் கசங்கலைத் தடவிக்கொண்டான்.

"ஹாஸ்டல் வேணாம்ங்க. ஊர்லயே படிக்கட்டும். சாயங்காலம் காட்டுலேருந்து வந்தா பிள்ளை மொகத்தப் பாக்கணும்." பெஞ்சில் வந்து உட்கார்ந்தவன், மறுபடியும் கவலையோடு கேட்டான். "ஆனா இங்கிலீஷு?"

"அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

பட்டென்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தக் குளிரிலும் அவன் காது சிவந்தது.

கீழே மேகம் ஒரு ஓரமாகக் கிழிந்தது. அதற்குள் பழனி மலை, தண்ணீருக்கடியில் கிடக்கிற கூழாங்கல் மாதிரி, சின்னதாகத் தெரிந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"ஏம்மா சுசித்ரா!" கோயில் வாசலிலிருந்து அவள் அப்பா நல்லுசாமி கூப்பிட்டார். "தனியாப் பேசணும்னு சொன்னீங்கன்னுதான் விட்டோம். இன்னுமா முடியல? மாப்பிள்ளை வீட்டுல பூ கொண்டாந்திருக்காங்க. வெரசா சொல்லு, இன்னைக்கே பூ வச்சுரலாமா, இல்ல வேற எடம் பாக்கணுமா?"

"ஒரு நிமிஷம்ப்பா!" என்றவள், ராஜமுருகன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "தரகர் ஒரு பேரு சொன்னாரு, எங்க மாமா ஒரு பேரு சொன்னாரு. உங்க பேரு என்னன்னு இன்னும் நான் கேக்கவே இல்லீங்க. எந்திரிச்சு நின்னு, இங்கிலீஷ்லயே சொல்லுங்க பாப்போம்."

அவன் எழுந்து நின்று, கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முதல் தடவையாகத் திக்காமல் சொன்னான்:

"மை நேம் இஸ் ராஜமுருகன்."