ராஜா தலை போட்ட வெள்ளி நாணயம்

காளியப்பன் தான் சேர்த்த பழைய வெள்ளி நாணயங்களை விற்கக் கிளம்பினார். பைக்குள் இருந்த ராஜா தலை நாணயத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"மியூசியத்துல கண்ணாடிக்குள்ள வெச்சுப் பார்க்கப் போறாங்க. நீ தள்ளி இரு" என்று பக்கத்திலிருந்த ஓட்டை நாணயத்தை விரட்டியது.

நகைக்கடைக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளித் தராசில் கொட்டினார்.

"நான் ராஜா!" என்று அது கத்தியது.

"இருக்கட்டுங்க. ஆடாம உட்காருங்க, எடை போடணும்" என்றது தராசு.

பிறகு எல்லாரையும் உருக்கி, ஒரு குழந்தைக்கு அரைஞாண் செய்தார்கள். கட்டிய அன்றே குழந்தை ஒண்ணுக்குப் போய் நனைத்துவிட்டது.

ராஜா கொதித்துப்போனது. "நான் யாருன்னு இவனுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும் மகாராஜா? உங்களுக்குத்தான் இப்போ முகமே இல்லையே!" என்றது பக்கத்துக் கண்ணியிலிருந்து ஓட்டை நாணயம்.