சாக்பீஸ் கோடு

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் சுகிர்தாவின் கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. புது மருந்தின் சோதனையில் சேர வேண்டுமானால் கைத்தடியோடு இருபத்தைந்து அடி நடந்து காட்ட வேண்டும் என்றார்கள். கணவன் நவநீதன் கூடத்தில் அளந்து சாக்பீஸால் கோடு போட்டான். தினமும் காலையில் அவள் நடந்துபோய் அதைத் தொட்டுவிட்டுச் சிரிப்பாள். வெள்ளிக்கிழமை வீடு துடைக்கையில் கோடு அழிந்துவிடும். மறுபடி போடும்போது அவன் அவள் நடக்கத் தொடங்கும் பக்கமாக நாலு விரற்கடை தள்ளிப் போடுவான். ஏழு மாதம் கழித்து, அப்படிப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை நடந்து காட்ட வரச் சொன்னார்கள்.

"ஒரு நாள்கூட நான் கோட்டைத் தொடாம விட்டதில்ல, இல்லீங்க?" என்றாள் சுகிர்தா.

"ஆமாம்மா."

அவன் விரல்களில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியை அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அங்க கோடு யாருங்க போடுவாங்க?"