படிவத்தின் முதுகில் ஈரம்

எரிந்த அணு எரிபொருளைக் கரைத்துச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்துக்கு ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் மிடுக்காக வந்து இறங்கியது. திரவத்தை உறிஞ்சி அளந்து சொட்டும் கண்ணாடிக் குழாயான பிப்பெட், நுனியில் விட்டிருந்த விரிசலைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. ஒழுகுவது தெரிந்தால் குப்பைத் தொட்டிதான்.

"ஏம்ப்பா, நூத்துக்கு எத்தனை தப்பு பண்ணுவே?" என்று கேட்டது படிவம்.

"தப்பா? எங்க பரம்பரையிலேயே கிடையாதுங்க ஐயா!" என்றது பிப்பெட்.

கதிர்வீச்சு கசிந்தால் அலறும் கதிர்வீச்சுமானியோ, "நூறு தடவை அலறினா, ரெண்டு தடவை சும்மா அலறிடுவேங்க" என்று உள்ளதைச் சொன்னது.

"ரெண்டா! இவனை அலமாரியில் போட்டுப் பூட்டுங்க!"

'ஆபத்து: பூஜ்யம்' என்று நிரப்பிக்கொண்டு, படிவம் பிப்பெட்டுக்கு அடியிலேயே நிம்மதியாகக் குப்புறப் படுத்தது.

"முதுகுல ஏதோ ஈரமா இருக்கே?"

"வியர்வையா இருக்கும் ஐயா" என்றது பிப்பெட், அடுத்த சொட்டை அடக்க முடியாமல்.

அலமாரிக்குள்ளிருந்து தொண்டை கிழிகிற அலறல் கேட்டது.

"பார்த்தியா, மூணாவது தப்பு!" என்றது படிவம்.