மாஸ்டர் ஒரு கொடுங்கோலன்

"கொடுங்கோலன்னே போடுங்க, வெஸ்லி அண்ணே. கண்டிப்பானவர் கிண்டிப்பானவர்னு மழுப்ப வேண்டாம்."

சொன்னவன் கலேப். வெஸ்லி அப்படியே எழுதினார். அவர்தான் சபைச் செயலாளர்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, கோயிலை ஒட்டிய ஹாலில் கூட்டம். விஷயம் ஒன்றே ஒன்று. பாடகர் குழுவை நடத்தும் கிதியோன் மாஸ்டரை நீக்க வேண்டும்.

மாஸ்டர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்போடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். முகமும் இரும்புதான்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது குழுவில் இருக்கிற ஒவ்வொருவரும் அவர் முன்னால் தனியாக நின்று பாடிக் காட்ட வேண்டும். தேறினால் பண்டிகை அன்று குழுவோடு நிற்கலாம். தேறாவிட்டால் ஜனங்களோடு பெஞ்சில். இது அவர் வைத்த சட்டம். இந்த வருஷம் பெஞ்சுக்குப் போனவர்களில் ஒருத்தி வெஸ்லியின் மகள் அபிகாயில்.

"பிள்ளைக்குப் பரீட்சை, மாஸ்டர்," என்றார் வெஸ்லி. "பயிற்சிக்கு வர முடியலை. ராத்திரி பூரா அழுதிருக்கா."

"சுருதி சேரலை."

"டாடி, சோடோ நா, விடுங்க," என்று அபிகாயில் அப்பாவின் சட்டையை இழுத்தாள். "நான் பேசுராதான் பாடினேன், சுருதி தப்பித்தான்."

"நீ சும்மா இரு!"

கலேப் எழுந்தான். "எங்க அம்மா கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து இந்தக் குழுவுல பாடுறாங்க. அவங்களையும் உக்கார வெச்சுட்டீங்க. கைக்கு இந்த ஜபர்தஸ்தி, ஏன் இந்த அடாவடி?"

"அவங்களுக்கும் சேரலை."

"பாத்தீங்களா!" என்றாள் குழுவில் இன்னொருத்தி, டோரிஸ். "கர்த்தருக்குப் பாட இவர் என்ன பாஸ் மார்க் போடறது?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெஸ்லி மேசையைத் தட்டினார்.

"தீர்மானம் தயார். மாஸ்டர் ஏதாவது சொல்லணுமா?"

மாஸ்டர் எழுந்தார்.

"கொடுங்கோலன்னு எழுதியிருக்கே. அர்த்தம் தெரியுமா?"

"கொடுமை பண்றவன்."

"கோல்னா என்ன?"

"ராஜா கையில பிடிக்கிறது."

"கொடுன்னா?"

வெஸ்லி தாளில் அந்த வார்த்தையைத் திரும்பப் படித்தார்.

"ஊர்ல உங்க வீட்டுல கொடுவாள் இருக்கா?"

"இருக்கு."

"எப்படி இருக்கும்?"

"வளைஞ்சு இருக்கும்."

"அதான் கொடு. வளைஞ்சது. நேரா இருந்தா செங்கோல். வளைஞ்சுட்டா கொடுங்கோல். ஓங்கி அடிக்கிறவனுக்கு வெச்ச பேரு இல்ல அது. உனக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம்னு கோணிப் போனான் பாரு, அவனுக்கு வெச்ச பேரு."

மாஸ்டர் வெஸ்லியின் பேனாவைச் சுட்டிக் காட்டினார்.

"நான் முரடன். எழுதிக்கோ. சிடுமூஞ்சி. அதையும் எழுதிக்கோ. என் கூடப்பிறந்த தங்கச்சியையே பெஞ்சுல உக்கார வெச்சேன். இன்னிக்கு வரைக்கும் அவ என் வீட்டு வாசப்படி மிதிக்கலை. நான் யாருக்கு வளைஞ்சேன்? சொல்லுங்க. ஒருத்தருக்கு வளைஞ்சிருந்தாலும் இப்பவே போயிடறேன்."

கலேப் டோரிஸைப் பார்த்தான். டோரிஸ் மின்விசிறியைப் பார்த்தாள்.

வெஸ்லி பேனாவின் பின்பக்கத்தால் காதைச் சொறிந்தார். "அப்ப அந்த வார்த்தையை மட்டும் எடுத்துட்டு..."

"நான் சொல்லணும்."

பின்னாலிருந்து காற்றுப் போல ஒரு குரல். வெஸ்லியின் மனைவி ஷெர்லி. குழுவில் பெண்களின் கீழ்க்குரல் வரிசையில் நிற்பவள். கழுத்தில் ஆபரேஷன் ஆனதிலிருந்து இப்படித்தான் பேசுகிறாள்.

மாஸ்டர் வெடுக்கென்று திரும்பினார். "உக்காரும்மா. உன்னை யாரும் கேக்கலை."

ஷெர்லி உட்காரவில்லை.

"இவரைக் கல்நெஞ்சுக்காரர்னு பேசறீங்க. மனசு நொந்துபோச்சு, அதான் சொல்றேன். ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்குப் பாட்டு வர்றதில்லை. வாயைத் திறந்தா வெறும் காத்து. போன வருஷம் இவர் முன்னால நின்னு ஒரு வரி பாட முடியாம அழுதேன். 'நீ வந்து நில்லு, வாயை மட்டும் அசை, குரல் வர்றப்ப வரட்டும், யார்கிட்டயும் மூச்சு விடாதே'ன்னார்."

வெஸ்லி வாய் பிளந்தார். "போன கிறிஸ்துமஸ்ல பாடினியே! நான் பாத்தேனே!"

"பாத்தீங்க. கேட்டீங்களா?"

வெஸ்லி பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த வரிசையில நின்னதாலதான் நான் எழுந்து நடமாடினேன்," என்றாள் ஷெர்லி. "இந்த மனுஷனையா கொடுங்கோலன்னு எழுதறீங்க?"

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். டோரிஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"தீர்மானம் நக்கோ, வேண்டாம் அண்ணே," என்றான் கலேப். அவன் குரலும் இறங்கிவிட்டது. "கிழிச்சுப் போடுங்க. மாஸ்டரே இருக்கட்டும்."

"ஆமா, இருக்கட்டும்," என்று நாலைந்து குரல்கள்.

வெஸ்லி தாளைக் கிழிக்கப் போனார். மாஸ்டர் அதைப் பிடுங்கினார். மேசையில் வைத்துக் கசங்கலை உள்ளங்கையால் நீவினார்.

"கலேப் அம்மாவும்தான் என் முன்னால நின்னு அழுதாங்க. உன் மகளும் அழுதா. அவங்களுக்கு நான் வளையலை, ஷெர்லிக்கு வளைஞ்சேன். அதை மறைச்சு இவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசினேன். அதையும் சேத்துக்கோ."

பேனாவுக்காகக் கையை நீட்டினார்.

"வார்த்தை சரிதான். எங்க கையெழுத்துப் போடணும்?"